அரிக்குதா என்று கேட்டார்கள்

சுகாதாரச் செவிலியாக வேலை பார்த்த காலம் முழுவதும், தோலில் படை என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். அரிக்குதா? இல்லை என்று பதில் வந்தால் லேசில் நம்ப மாட்டேன். கூட வந்த ஆம்பிளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மறுபடி கேட்பேன். உடன் வேலை பார்த்தவர்கள் எனக்கு 'அரிக்குதா அக்கா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கேள்விக்கு ஒருத்தி சொன்ன பொய்யும், அதன் பின்னாலேயே நான் சொன்ன பொய்யும் சேர்ந்துதான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவளைத் திருப்பி அனுப்பின. அவள் என் அண்ணன் பெண்டாட்டி. எனக்கு மதினி.

எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலில், கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். அண்ணன் புளியங்குடி வழியாகத் தென்காசி போகிற பஸ்ஸில் கண்டக்டர். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மதினியைப் பனவடலிசத்திரத்திலிருந்து வைகாசியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைவிட நாலு வயசுதான் மூத்தவள். நல்ல உயரம். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்குவாள். வந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை என் தலையில் பேன் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் தலையை மழித்துவிடுவாள் என்று நான் அழுததைப் பார்த்து, ஒரு மாதம் ரகசியமாகவே வேப்பெண்ணெய் தேய்த்து, ஈர்கோலியால் வாரி வாரிச் சுத்தம் செய்துவிட்டாள். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

அண்ணனுக்குத் தொடை இடுக்கில் எப்போதும் அரிப்பு. டியூட்டி முடிந்து வந்ததும் காக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பரபரவென்று சொறிவான். தெருவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டே சொறிவான். "எஞ்சின் சூடு, பாவம்," என்று அம்மா சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பாள். ஆம்பிளை சொறிந்தால் சூடு. அதே அரிப்பு பொம்பிளைக்கு வந்தால் அதற்கு எங்கள் வீட்டில் பேரே கிடையாது.

ஆனி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றடிக்குப் போனேன். மதினி துவைகல் பக்கத்துத் தூணில் இடுப்பை உரசிக்கொண்டு நின்றாள், மாடு கட்டுத்தறியில் உரசுகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று விலகி நின்றாள். அப்புறம் வேறு வழியில்லாமல் பாவாடை நாடாவைத் தளர்த்திக் காட்டினாள். நாடா இறுகும் இடத்தில் ஒரு வட்டம். முதலில் நாலணா அளவு இருந்ததாம், நான் பார்த்தபோது வளையல் அளவுக்கு வந்திருந்தது. ஓரம் மட்டும் சிவந்து, பொடிப்பொடியாக மேடு தட்டி, தவிடு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஆறிப்போன மாதிரி, மற்றத் தோலைவிடக் கொஞ்சம் வெளிறி இருந்தது.

"ரொம்ப அரிக்கா மதினி?"

"உசிரு போவுது. வேர்த்தா இன்னும் சாஸ்தி. ஆனா நகம் படக்கூடாது பிள்ள. அம்மனுக்கு நேந்திருக்கேன். நாப்பத்தெட்டு நாளு புத்துமண்ணக் கொழச்சுப் பூசணும், சொறியக்கூடாது, ஒருத்தர்ட்டயும் சொல்லக்கூடாது. நீ பாத்துட்ட. நீயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். எங்கள் ஊரில் தோலில் என்ன வந்தாலும் கோவில் புற்றுமண்தான். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கும்போது உள்ளூர்க்காரி பூசுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அம்மனையும் நான் குறை சொல்லமாட்டேன். டாக்டரிடம் போகாதே என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. நகம் படக்கூடாது, வாய் திறக்கக்கூடாது என்பதெல்லாம் நம்மாட்கள் தாமாகக் கூட்டிக்கொண்ட பத்தியம்.

நேர்ந்துகொண்டபடி மதினி சொறியவில்லை. தூணில் உரசியது நேர்ச்சையில் சேராது என்று எண்ணிக்கொண்டாளோ என்னவோ. ஆனால் அரிப்பு அவளைப் பாடாய்ப்படுத்தியது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற வேலை, ஈரப் பாவாடை, இறுக்கின நாடா. அண்ணனுடைய காக்கியைத் துவைப்பதும் அவள்தான், அவன் துவட்டின துண்டிலேயே துவட்டிக்கொள்வதும் அவள்தான்.

புளியங்குடியிலிருந்து அண்ணன் அடிக்கடி எலுமிச்சம்பழம் கொண்டுவருவான். அம்மா ஊறுகாய்க்கு என்று பனையோலைப் பெட்டியில் எடுத்து வைத்திருந்ததில் தினமும் ஒன்று இரண்டு குறைய ஆரம்பித்தது. அம்மா நேராக என்னைத்தான் பிடித்தாள். உப்பு வைத்து நான் தின்கிறேனாம். இல்லை என்றேன். பொய் வேறா என்று அகப்பைக் காம்பால் முழங்காலுக்குக் கீழே இரண்டு போட்டாள். மதினி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கிணற்றடியில் பாதிப் பழத்தை அந்த வட்டத்தில் தேய்த்துக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தபோதுதான் பழம் போன இடம் எனக்குத் தெரிந்தது. "மன்னிச்சிக்க பிள்ள, அத்தைட்ட எப்படிச் சொல்லுவேன்," என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது பதினைந்து வயதுக் கோபம். அதற்குக் காரணம் சின்னதாக இருந்தால் போதும், அளவு மட்டும் பெரிதாகவே வரும். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தொழுநோயைப் பற்றிச் சொல்ல ஒருத்தர் வந்தார். சுருட்டி வைத்த படங்களைப் பலகையில் மாட்டிக் காட்டினார். வெளிறின தேமல், தொட்டால் தெரியாது, அரிக்காது, அப்படி இருந்தால் பயப்படாமல் வாருங்கள், மாத்திரை இருக்கிறது, குணமாகிவிடும் என்றார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது மாத்திரையும் குணமும் கழன்றுபோயிருந்தன. "அரிக்காத படைதாம்மா ஆபத்தாம். அதுதான் பெருவியாதியாம்," என்று மட்டும் சொன்னேன். பாதிக் கல்வி என்பார்களே, அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதினி குளித்துவிட்டு ஈரத்துணியோடு வரும்போது அம்மா பார்த்துவிட்டாள். குளித்ததும் புதிதாகப் பூசின புற்றுமண் வெள்ளையாகப் படிந்திருந்தது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பு. அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஈரத்துணியால் மண்ணை அழுத்தித் துடைத்தாள். மண் போனது. அடியில் வட்டம் இருந்தது, நடுவில் அந்த வெளிறின தோலும் இருந்தது.

"என்னட்டி இது?"

மதினி துணியை இழுத்து மூடப் பார்த்தாள்.

"கேக்கேம்லா. அரிக்குதாட்டி?"

அண்ணன் அப்போதுதான் டியூட்டிக்குக் கிளம்பி நிலைப்படியில் நின்றான். மதினி அவனை ஒருதரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"இல்லத்தே."

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆமாம் என்றால் நேர்ச்சை கெட்டுவிடும். பாவாடைக்குள்ளே அரிக்கிறது என்று கட்டினவன் முன்னால் மாமியாரிடம் எப்படிச் சொல்வது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் கையைக் காட்ட வேண்டிய ஆள் நிலைப்படியில் நிற்கிறான். அவனுக்குத் தெரியும். தனக்கு இருப்பதும் அவளுக்கு இருப்பதும் ஒன்றுதான் என்று நிச்சயம் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

அம்மா அடுப்படிக்கு வந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ அவ கூடயே கெடக்கியே. அவ எப்பவாச்சும் அத அரிக்குதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? உரசிக் கிரசிப் பாத்திருக்கியா? நெசத்தச் சொல்லுட்டி."

அம்மா கெட்டவள் இல்லை. அந்த நேரம் அவள் முகத்தில் இருந்தது வெறும் பயம். நான் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மை இல்லை. என் முழங்காலுக்குக் கீழே அகப்பைக் காம்பு பட்ட இடம் இன்னும் கன்றியிருந்தது. அவள் எனக்காக வாய் திறந்தாளா, நான் எதற்குத் திறக்க வேண்டும் என்று மனசுக்குள் ஓடியது.

"இல்லம்மா, பாத்ததே இல்ல," என்றேன்.

இரண்டு நாள் வசவு விழும், அதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கே மதினிக்குச் சாப்பாடு தனியாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெற்ற அய்யாவுக்கு ஆள் போய், திங்கட்கிழமை அவர் வந்தார். "கொஞ்ச நாளு அங்கன இருந்துட்டு வரட்டும்," என்றாள் அம்மா. வியாதியின் பேரை யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர் காதில் விழ வேண்டியது விழுந்துவிட்டது. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போக, மதினி தெரு முனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் படுத்த பாயை அம்மா புறவாசலில் வைத்து எரித்தாள். அண்ணன் அன்றைக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு எங்கேயோ போனவன் சாயங்காலம்தான் வந்தான்.

போய்க் கூட்டிக்கொண்டு வா என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆடித்தபசு வந்தது, தீபாவளி வந்தது. ஒரு வருஷம் கழித்து கரிவலம்வந்தநல்லூரில் பெண் பார்த்தார்கள். மூத்த தாரத்துக்கு உடம்புக்கு முடியாது என்று சொல்லிக் கல்யாணம் நடந்தது. நான் புதுப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு பந்தியில் தண்ணீர் வைத்தேன். அது அரிக்கிற படைதான் என்று எனக்கு அப்போதாவது தெரியும்தானே? தெரியும். ஒவ்வொரு மாதமும் இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தள்ளிப்போட்டேன். பேசாமல் இருக்க இருக்கப் பேசுவது கஷ்டமாகிக்கொண்டே போனது.

பிறகு திருநெல்வேலியில் செவிலியர் பயிற்சிக்குப் போனேன். இரண்டாம் வருஷமோ என்னவோ, தோல் வியாதிகளைப் பற்றி ஒரு அம்மா வகுப்பெடுத்தார். பலகையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார். இது படர்தாமரை, பூஞ்சைக் காளானால் வருவது என்றார். ஓரம் மேடு தட்டிச் செதில் உதிரும், நடுவில் ஆறின மாதிரி ஏமாற்றும், வட்டம் வெளியே வெளியே நகர்ந்து பெரிதாகும். ஈரமும் வியர்வையும் இறுக்கின துணியும் அதற்குத் தீனி. துண்டு, துணி, படுக்கை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருத்தருக்கு இருந்தால் எல்லாரையும் பாருங்கள். முக்கியமாக, அரிக்கும். தொழுநோய்த் தேமல் அரிக்காது, தொட்டாலும் தெரியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பலகையை அழித்தார். பக்கத்தில் இருந்தவள் என்னை உலுக்கி, என்னாச்சு, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். பல்வலி என்றேன்.

பெருவியாதியாகவே இருந்திருந்தாலும் அவளை அனுப்பியிருக்கக்கூடாது. அதற்கும் மாத்திரை இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் சொல்லத்தான் செய்தார். இது அதுகூட இல்லை. எங்கள் அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஊரறியச் சொறிந்துகொண்டிருந்த அதே படைதான் அவளுக்கு இருந்தது.

பயிற்சி முடிந்து வேலை கிடைத்த முதல் மாதம், ஒரு டப்பாவில் ஆஸ்பத்திரிக் களிம்பை எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். முதலில் வியாதி இதுதான் என்று சொல்வது. அப்புறம் அம்மா என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்வது. அடித்தால் வாங்கிக்கொள்வது.

வீட்டில் அவளுடைய அம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை, கையை மட்டும் பின்பக்கம் காட்டினாள். தோட்டத்தில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஓலைச் சாய்ப்பு ஒன்று இருந்தது. மதினி அங்கேதான் சமைத்து, அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம். தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது என்று அவளை எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவில்லை. தங்கச்சி கல்யாணத்தன்றைக்கு இந்தச் சாய்ப்பில்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாளாம். மேளச் சத்தம் நன்றாகக் கேட்டது என்றாள். என்னைக் கண்டதும் அவள் சிரித்த சிரிப்பு பழைய சிரிப்புதான். ஆனால் பக்கத்தில் வராமல் நாலடி தள்ளியே நின்றாள்.

"கிட்ட வராத பிள்ள. நர்ஸம்மா ஆயிட்டியாமே?"

கெஞ்சிக் கூத்தாடித்தான் பார்க்கவிட்டாள். வட்டம் இடுப்பைச் சுற்றி முதுகு வரைக்கும் ஏறியிருந்தது. ஓரத்தில் அதே மேடு, அதே செதில். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து ஓரத்திலும் நடுவிலும் மெதுவாகத் தொட்டேன். எங்கே தொட்டேனோ அங்கே விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "இங்கன. இங்கன. இந்தா, இங்கன," என்று சின்னப் பிள்ளை மாதிரி காட்டினாள். அரிக்குதா மதினி என்று கேட்டேன். இந்தத் தடவை ஆமாம் என்றாள்.

களிம்பை எடுத்து முன்னால் வைத்தேன். காலையும் மாலையும் ஓரத்துக்கு வெளியேயும் சேர்த்துப் போட வேண்டும், துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும், நாடாவை இறுக்கக்கூடாது என்று வகுப்பில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"எத்தன நாளு போடணும்?"

"நாலு வாரம். மறைஞ்ச பொறவும் கொஞ்ச நாளு விடாமப் போடுங்க. போயிரும்."

"நாலு வாரமா?"

"ஆமா மதினி. இது ஒண்ணுமே இல்ல. வெறும் படர்தாமரை."

அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் அதைக் கேட்டால் முகம் மலரும். மதினி டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வடிந்துபோனது.

"ஒண்ணுமே இல்லையா?" என்றாள். பிறகு நிதானமாகப் பேசினாள். "பெருவியாதின்னு நெனச்சுல்லா எல்லாரையும் மன்னிச்சிட்டு இருந்தேன். ஒங்க அம்மைய, அவுகள, எங்க அய்யாவ. இப்பேர்ப்பட்ட வியாதின்னா யாருக்குத்தான் பயம் இருக்காது, நானா இருந்தாலும் அப்படித்தான செஞ்சிருப்பேன்னு சொல்லிச் சொல்லித்தான் இங்கன கெடந்தேன். இப்ப ஒண்ணுமே இல்லன்னு சொல்லுத. இனிமே எதச் சொல்லி மக்கா நான் அவுகள மன்னிக்கது?"

அவள் தயங்கித் தயங்கி நாலடியைத் தாண்டி வந்து, ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் ஆளாக என் கையைத் தொட்டாள்.

"அந்த வீட்டுல ஒன் ஒருத்திட்டதான் எனக்கு மன்னிக்கதுக்கு எதுவுமே இல்ல," என்றாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் அம்மா கேட்டதும் நான் சொன்ன பதிலும் மட்டும்தான் பாக்கி. அவள் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். குளித்துவிட்டு நல்லா ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் களிம்பு போட வேண்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.